புள்ளியும் கோலமும்: வீடியோ கேம் படங்கள் வளர்ந்த கதை

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர் இந்த முறை ஒரு நிபந்தனை போட்டார். "சிலம்பு, கம்பன் எல்லாம் போன மலர்லயே வந்தாச்சு சார். பிள்ளைங்களும் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்க." பிள்ளைகள் படிக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் பார்ப்பதைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவர்கள் பார்ப்பது வீடியோ கேம். ஆகவே வீடியோ கேம் படங்கள், பிள்ளைகள் பாஷையில் 'கிராபிக்ஸ்', கடந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் எப்படி வளர்ந்தன என்று எழுத உட்கார்ந்தேன். வளர்ந்திருக்கின்றன என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வளர்ச்சியை எந்த அளவுகோலால் அளப்பது என்பதில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

"விளையாட்டுல விமரிசனம் பண்ண என்ன இருக்கு?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நானும் பல வருஷம் அப்படிக் கேட்டவன்தான். சினிமாவையும் ஒரு காலத்தில் நம் வீடுகளில் இப்படித்தானே பேசினார்கள்?

பார்லர் நாட்கள்

நான் விக்ரோலிக்கு வந்தது 1983இல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவியில் மாமா வீட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, வேலை கிடைத்ததும் பார்க்சைட் மேட்டில் ஒரு அறை பார்த்துக்கொண்டேன். மேட்டில் நின்றால் கிழக்கே ரயில் பாதை, அதைத் தாண்டித் தொழிற்சாலைகள், அதற்கும் அப்பால் தாணே கழிமுகத்தின் அலையாத்திக் காடு.

1990களின் நடுவில் எங்கள் சந்து முனையில் ஒரு வீடியோ கேம் பார்லர் முளைத்தது. தகரக் கூரை, நாலு பெட்டி, ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். அதிகக் கூட்டம் சேர்ந்த பெட்டிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'முஸ்தபா'. ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' விளையாட்டுதான் அது என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அதில் வரும் நான்கு பாத்திரங்களில் ஒருவன் பெயர் முஸ்தபா. வாயில் நுழையாத ஆங்கிலத் தலைப்பை விட்டுவிட்டு, பழகின ஒரு பெயரை நம்ம பம்பாய்ப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஒருநாள் பால் வாங்கக் கொடுத்த காசோடு ஆளைக் காணோம். நேரே பார்லருக்குப் போய்க் காதைப் பிடித்து இழுத்து வந்தேன். "பொம்மைய அடிக்கதுக்கு பால் காசால கேக்குது?" என்று சத்தம் போட்டேன். அவன் அழுதுகொண்டே சொன்னான்: "அடிக்க இல்லப்பா, பாக்கத்தான் போனேன். நல்லா வரைஞ்சிருக்கான்."

அந்தப் பதிலை அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு, "வீட்டுக்குள்ளயாவது கெடக்கட்டும்" என்று அவன் அம்மா சொன்னதால் லாமிங்டன் ரோட்டில் ஒரு 'டிவி கேம்' வாங்கி வந்தேன். அந்தக் காலத்தில் அப்படி விற்றவை பெரும்பாலும் ஜப்பானின் நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபாமிகாம் இயந்திரத்தின் நகல்கள். மரியோவும் கான்ட்ராவும் இந்தியத் தமிழ் வீடுகளுக்குள் வந்தது அந்த நகல் பெட்டிகள் வழியாகத்தான்.

புள்ளிகளின் யாப்பு

நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடுவார்கள். வீடியோ கேம் படமும் புள்ளிக் கோலம்தான். 'பிக்சல்' என்பது அந்தப் புள்ளி. தொடக்கத்தில் புள்ளிகளுக்குப் பஞ்சம். 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அடிப்படையில் கறுப்பு வெள்ளைப் படம். திரைமேல் வண்ணத் தாள் ஒட்டி நிறம் காட்டினார்கள். சுடச்சுட எதிரிகள் குறைவார்கள். குறையக் குறைய மிஞ்சியவர்கள் வேகம் எடுப்பார்கள். அது முதலில் யாரும் போட்ட திட்டமல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் இயந்திரம் சீக்கிரம் வரைந்து முடித்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். ஆட்டத்தின் சுவையே அதில் வந்து சேர்ந்தது.

மரியோவின் மீசையும் அப்படித்தான். 1981இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக ஷிகெரு மியாமோட்டோ அந்த உருவத்தை வரைந்தபோது, இருந்த சில புள்ளிகளில் வாய் வரைந்தால் தெரியாது, மீசை வைத்தார். தலைமயிர் அசைவதைக் காட்ட முடியாது, தொப்பி போட்டார். 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான். ஒன்றுக்கு வெள்ளை, இன்னொன்றுக்குப் பச்சை. எத்தனை வருஷம் பார்த்தும் நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

தமிழ் படித்தவர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. வெண்பாவுக்கு ஈற்றடி முச்சீர்; தளை தட்டக் கூடாது. அந்தக் கட்டுக்குள் நின்றுதான் புலவன் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டும். புள்ளிக் காலத்து ஓவியர்களும் ஒரு யாப்புக்குள் எழுதியவர்கள். மீதியைப் பார்க்கிறவன் மனசு நிரப்பிக்கொண்டது. "நல்லா வரைஞ்சிருக்கான்" என்று என் மகன் சொன்னதில் ஒரு பாதி வரைந்தவனுடையது, மறு பாதி அவனுடையது என்று இப்போது நினைக்கிறேன்.

முக்கோணமும் வெளிச்சமும்

1990களின் நடுவில் முறையே மாறியது. சோனியின் பிளேஸ்டேஷன் ஜப்பானில் 1994 டிசம்பரில் வந்தது. 'குவேக்', 'சூப்பர் மரியோ 64' இரண்டும் 1996. உருவத்தைப் புள்ளி புள்ளியாக வரைவதற்குப் பதிலாக, முக்கோணங்களை ஒட்டி ஒரு பொம்மை செய்து, அதற்குப் படம் போர்த்தி, எந்தப் பக்கமிருந்தும் பார்க்கும்படி செய்தார்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலில் போடும் கால் தடத்துக்கும் களிமண் பிள்ளையாருக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆரம்ப காலக் களிமண் அவ்வளவு சரியில்லை. முகம் பெட்டி மாதிரி இருக்கும். முதல் பிளேஸ்டேஷனில் சுவர்கள் நடுங்கும். அழகைப் பார்த்தால் அன்றைய புள்ளிப் படங்கள் அன்றைய முக்கோணப் படங்களைவிட ஒரு படி மேல். வளர்ச்சி எப்போதும் ஏறுமுகம்தான் என்று சொல்கிறவர்கள் இந்தச் சில வருஷங்களை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு வேகம் பிடித்தது. படம் வரைவதற்கென்றே தனிச் சில்லு. என்விடியாவின் 'ஜீஃபோர்ஸ் 256' 1999இல் வந்தது. 2002இல் வந்த 'வைஸ் சிட்டி' நம் ஊர் சைபர் கஃபேக்களில் பள்ளிப் பிள்ளைகளின் குலதெய்வம் ஆனது. 2018இல் ஒளிக்கதிர் எங்கே பட்டு எப்படித் தெறிக்கும் என்று அந்தந்தக் கணமே கணக்கிடும் அட்டைகளைச் சாதாரணக் கணினிக்காகவும் விற்கத் தொடங்கினார்கள். கணக்குப் பிரியர்களுக்கு ஒரு கணக்கு: ஃபாமிகாமின் படம் 256க்கு 240, அதாவது 61,440 புள்ளி. இன்றைய ஃபோர்-கே திரை 3840க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளி. சரியாக 135 மடங்கு.

135 மடங்கு புள்ளி கிடைத்தது. அதை வைத்து என்ன கோலம் போட்டார்கள்?

திரையில் நம்ம மும்பை

டென்மார்க்கைச் சேர்ந்த ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, 2018 நவம்பரில் வெளிவந்த 'ஹிட்மேன் 2' விளையாட்டில் ஒரு கட்டம் முழுக்க மும்பையில் நடக்கிறது. பேரன் ஒருநாள், "தாத்தா, இங்க பாருங்க, நம்ம ஊரு!" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அசந்துதான் போனேன். குடிசைப் பகுதியின் நெருக்கம், கட்டி முடியாத கோபுரக் கட்டடம், சலவைத் துணிகள், சந்துக்குள் சாய்ந்து விழும் வெயில், தோளோடு தோள் உரசும் ஜனம். எங்கள் பார்லரில் நாலு பேரைத் திரையில் காட்டவே இயந்திரம் திணறிய காலம் எனக்குத் தெரியும். அந்த வகையில் இது பெரிய சாதனை.

பத்து நிமிஷம் பார்த்த பிறகு ஏதோ ஒன்று உறுத்தியது. கதையை நகர்த்தும் பேச்செல்லாம் ஆங்கிலம். விளையாடுகிறவன் ஒரு கூலிக் கொலையாளி. அவன் கண்ணுக்குச் சந்து என்பது தப்பிக்கும் வழி. துணிக் கொடி என்பது வேஷம் மாற்ற உதவும் இடம். சாப்பாடு என்பது விஷம் கலக்கத் தோதான பொருள். அந்தக் குடிசைகளில் யாரோ குடியிருக்கிறார்கள் என்பது ஆட்டத்துக்குத் தேவைப்படாத விவரம். இது அந்த நிறுவனத்தின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். கொலையாளி விளையாட்டில் எந்த ஊரும் அப்படித்தான் தெரியும். ஆனாலும் 'தத்ரூபம்' என்ற ஒரு சொல்லால் படத்துக்கு மார்க் போடுவது எவ்வளவு பிசகு என்று அன்றைக்குப் புரிந்தது. சுவரின் காரை உதிர்ந்தது வரை தெரிகிறது. சுவருக்குள் இருப்பவர் தெரியவில்லை.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கி, 2020இல் வெளிவந்த 'ராஜி' விளையாட்டில், தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை நடக்கிறது. நடுநடுவே வரும் கதைப் பகுதிகளை நிழல் பொம்மலாட்டமாகக் காட்டுகிறார்கள். நம் ஊர்த் தோற்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பெரிய நிறுவனங்களின் முக்கோணக் கணக்கோடு போட்டி போடாமல், நம் கண்ணுக்குப் பழகிய ஒரு ஓவிய மரபைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெண்பா என்ற விளையாட்டு

இந்த வழியில் என்னை நிறுத்தி உட்கார வைத்தது 'வெண்பா'. கனடாவின் டொரன்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலை 31இல் வெளியிட்டது. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும், அதே ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசும் பெற்றது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பம்: வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன செய்முறையை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது, இவைதான் புதிர்கள். நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிராகவே தோன்றாது என்பது வேறு விஷயம்!

இதன் படங்களை ஹிட்மேன் பக்கத்தில் வைத்தால் பஞ்சப்பாட்டுதான். தட்டையான ஓவியம், தெறிக்கும் ஒளி கிடையாது, கூட்டம் கிடையாது, ஒரு அடுப்படி, ஒரு ஜன்னல், ஒரு வானொலி. அதில் அந்தந்தக் காலத் திரையிசையை நினைவூட்டும் பாட்டு. ஆனால் இட்லிப் பானையின் மூடியிலிருந்து ஆவி வரும்போது என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு வரைஞ்சது? பாத்திரம் பழகினவதான் வரைஞ்சிருக்கா" என்றாள். ஹிட்மேனிலும் பாத்திரங்கள் உண்டு. இங்கே பாத்திரத்துக்கு ஒரு வீடு இருக்கிறது.

ஒரு கட்டத்தில் காட்சி மகன் கவினின் பக்கம் திரும்புகிறது. அம்மா தமிழில் பேசும் சொற்கள் சில திரையில் மங்கிப்போகின்றன. அவனுக்குப் புரியாதது நமக்கும் கண்ணில் படாமல் போகிறது. இத்தனை ஆண்டுகளாகக் கிராபிக்ஸ் வளர்ந்தது எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டத்தான். இங்கே ஒரு குழு வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டுகிறது. விமரிசகனாக நான் முதலில் மெச்சியது அந்த உத்தியை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் வேறொன்றைச் சொன்னான். "ஆச்சிக்கு நீங்க லெட்டர் எழுதுவீங்கல்லப்பா, அம்மாக்கு வாசிச்சுக் காட்டுவீங்க. காதால கேட்டா எல்லாம் புரியும். பேப்பரப் பாத்தா எனக்கு இப்படித்தான் தெரியும்."

அவன் தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. மும்பையில் நகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தன. நான்தான் ஆங்கில வழியில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அ, ஆ சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வந்தது. பார்லருக்குப் போனதற்குக் காதைப் பிடித்து இழுத்த எனக்கு, எழுத்தறியாமல் விட்டதற்காக என் காதைப் பிடிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

எட்டுக்கு எட்டில் அடங்காத எழுத்து

அன்று ராத்திரி யோசித்தபோது ஒரு விஷயம் தோன்றியது. பழைய டிவி கேமில் படத்தின் அடிப்படைத் துண்டு எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். கட்டம் போட்ட தாளில் நீங்களே பாருங்கள். ஆங்கில எழுத்தெல்லாம் அடங்கும். ஜப்பானியரின் கடகானா எழுத்தும் கோடு கோடாக இருப்பதால் அடங்கும். அவர்களுக்கே நெருக்கடிதான்: 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டில் கடகானாவை முழுதாகச் சேர்க்க இடமில்லாமல், சில எழுத்துகளைப் பொறுக்கி, அவற்றால் எழுத முடிந்த பெயர்களாகப் பார்த்து வைத்தார்கள். நம்முடைய 'இ'யை அந்தக் கட்டத்தில் எழுதிப் பாருங்கள். 'ஞ', 'ஐ', 'ணை' எழுதிப் பாருங்கள். கசங்கிப்போகும். பனையோலையில் எழுத்தாணி இழுத்ததால் வளைந்த எழுத்து என்பார்கள். புள்ளிக் கட்டத்துக்கு அது பிறக்கவில்லை.

புள்ளிகள் பெருகிய பிறகும் சிக்கல் தீரவில்லை. 'கொ' என்று எழுத, ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். கணினி அதை ஒரே குறியாகத்தான் சேமித்து வைக்கிறது. திரையில் பிரித்து இரண்டு பக்கமும் வைக்கத் தனி மென்பொருள் அறிவு வேண்டும். ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் இந்த அறிவு இல்லாத விளையாட்டு மென்பொருள்களில் நம் எழுத்து கைகால் கழன்று நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம். வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் தெறிப்பதைக் கணக்கிடும் இயந்திரத்துக்குக் 'கொ' எழுத வராது என்றால், இயலாமை என்று எப்படிச் சொல்வது? யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

ஆகவே 'கிராபிக்ஸ் முக்கியமில்லை, கதைதான் முக்கியம்' என்று சொல்லும் கட்சியிலும் நான் சேர மாட்டேன். புள்ளி பெருகாவிட்டால் ஒரு தமிழ்ச் சமையல் புத்தகத்தைத் திரையில் காட்டவே முடியாது. வசதியும் வேண்டும், அதை எதற்குச் செலவழிப்பது என்ற அக்கறையும் வேண்டும். 135 மடங்கு என்பது முதலாவதன் அளவு. இரண்டாவதை அளக்க, திரையில் நம் வீட்டு ஆட்கள் தெரிகிறார்களா, தெரிந்தால் என்னவாகத் தெரிகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

'வெண்பா'வுக்கும் குறைகள் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கவின் வளர்ந்து மாறும் வருஷங்கள் ஓட்டமாக ஓடுகின்றன. தமிழ் வாழ்க்கையின் முழுப் பாரத்தையும் சாப்பாட்டின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். நமக்குச் சண்டை, கடன், வேலை, ஊர்த் திருவிழா என்று எவ்வளவோ இருக்கிறது. டொரன்டோவின் கதை மும்பைக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. அங்கே பிள்ளையின் தமிழை இழுப்பது ஆங்கிலம் ஒன்று; இங்கே இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று மூன்று பக்கமும் இழுக்கின்றன. விக்ரோலியின் ஒரு சந்தை, அதில் குடியிருப்பவன் கண்ணால் காட்டும் விளையாட்டை நம் பிள்ளைகளில் ஒருவர்தான் செய்ய வேண்டும்.

நம் சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். பிள்ளைகளுக்குக் கட்டம் போட்ட தாள் கொடுங்கள். எட்டுக்கு எட்டில் ஒரு தமிழ் எழுத்தை வரையச் சொல்லுங்கள். முடியாதபோது பதினாறுக்குப் பதினாறு கொடுங்கள். எங்கள் வீட்டில் பேரன் 'ழ'வை எடுத்துக்கொண்டான். மூன்று தாள் வீணானது. நான்காவது தாளில் அவன் அப்பாவும் பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். "கீழ்ச் சுழி எந்தப் பக்கம்பா வரும்?" என்று என்னைக் கேட்டான். முப்பது வருஷம் தாமதமாக, நான் சொல்லிக் கொடுத்தேன்.